தூதரகத்தில் ஏறிய கொடி: 1947 ஆகஸ்ட் 15 நமக்கு விட்டுச்சென்ற கேள்வி

பொன்விழா மலர் என்றால் சங்கம் தோன்றிய கதை, கட்டடம் எழுந்த கதை, முன்னோடிகளின் தியாகம் ஆகியவற்றை எழுதுவதே வழக்கம். அவற்றை மூத்தவர்கள் இம்மலரில் எழுதியிருக்கிறார்கள். நாம் இங்கே எழுத வந்திருப்பது, கடல் கடந்து நின்று தாயகத்தின் விடுதலையைக் கொண்டாடியவர்களைப் பற்றி. முதலில் வாஷிங்டனில் இருந்த ஒரு தூதரைப் பார்ப்போம். பிறகு அதே கேள்வியோடு மலாயாவில் நின்ற நம் பாட்டனார்களிடம் வருவோம். நாம் வரலாற்றுப் பேராசிரியர்கள் அல்லர். கடை வைத்துப் பிழைப்பவர்கள். ஆனால் இந்த வரலாறு நம் வீட்டு இரும்புப் பெட்டிகளுக்குள்ளும் இருக்கிறது.

1947 ஆகஸ்ட் 15 ஒரு வெள்ளிக்கிழமை. அது ரமலான் மாதத்தின் கடைசி ஜும்ஆ. டில்லியில் நள்ளிரவு 12 மணி அடித்தபோது மலாயாவின் கடிகாரத்தில் அதிகாலை 2 மணி. சஹர் நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. வாஷிங்டனிலோ இன்னும் 14ஆம் தேதி பிற்பகல்தான். அங்கே மாசசூசெட்ஸ் அவென்யூவில் உள்ள இந்தியத் தூதரகத்தின் தலைவராக இருந்தவர் ஆசப் அலி. அமெரிக்காவுக்கு இந்தியா அனுப்பிய முதல் தூதர் அவர்தான்.

ஆசப் அலி 1888இல் பிறந்தவர். டில்லி செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் படித்து, லண்டனில் பாரிஸ்டரானார். நாடு திரும்பியதும் கிலாபத், ஒத்துழையாமை இயக்கங்களில் இறங்கிப் பலமுறை சிறை சென்றார். 1929இல் சட்டசபை வெடிகுண்டு வழக்கில் பட்டுகேஷ்வர் தத்துக்காக வாதாடினார். பிறகு டில்லித் தொகுதியிலிருந்து மத்திய சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1942 ஆகஸ்டில் காங்கிரஸ் செயற்குழு மொத்தமாகக் கைதானபோது நேரு, ஆசாத், பட்டேல் ஆகியோருடன் அகமத்நகர் கோட்டையில் அடைக்கப்பட்டார். அதே வாரம், பம்பாய் கோவாலியா குள மைதானத்தில் போலீசாரின் கெடுபிடிக்கு நடுவே கொடியேற்றியவர் அவருடைய மனைவி அருணா ஆசப் அலி. ஐந்தாண்டுகளில் காலம் மாறியது. மனைவி ஏற்றியபோது குற்றமாக இருந்த மூவர்ணம், கணவர் தூதராக இருந்த மாளிகையில் ஒரு நாட்டின் கொடியாகப் பறந்தது.

மலாயாத் தமிழர்கள் இவரை மறக்கக் கூடாததற்கு இன்னொரு காரணமும் உண்டு. 1943 அக்டோபர் 21இல் சிங்கப்பூர் கத்தே கட்டடத்தில் நேதாஜி சுதந்திர இந்திய அரசைப் பிரகடனம் செய்தார். அந்தப் படையில் சேர்ந்தவர்களில் தோட்டத் தொழிலாளர், கடைச் சிப்பந்திகள் என நம் மண்ணின் பிள்ளைகள் பலர். போர் முடிந்தபின் 1945 நவம்பரில் டில்லி செங்கோட்டையில் வழக்குத் தொடங்கியது. ஷா நவாஸ் கான், பிரேம் குமார் சாகல், குர்பக்ஷ் சிங் தில்லான் ஆகிய மூவரும் முதலில் கூண்டில் நிறுத்தப்பட்டார்கள். ஒருவர் முஸ்லிம், ஒருவர் இந்து, ஒருவர் சீக்கியர். வாதத்தை நடத்தியவர் புலாபாய் தேசாய். பாதுகாப்புக் குழுவை அமைத்து நடத்தும் பொறுப்பு ஆசப் அலியிடம் இருந்தது. ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டும், நாடெங்கும் எழுந்த கொந்தளிப்பால் 1946 ஜனவரித் தொடக்கத்தில் மூவரும் விடுவிக்கப்பட்டனர். சிங்கப்பூரில் தொடங்கிய கதை செங்கோட்டையில் முடிந்தபோது, நம் பக்கத்தில் நின்ற வக்கீல்களில் அவர் ஒருவர்.

1946 செப்டம்பரில் அமைந்த இடைக்கால அரசில் ரயில்வே, போக்குவரத்துப் பொறுப்பை ஏற்ற அவர், 1947 பிப்ரவரியில் வாஷிங்டனில் தூதரானார். இதில் ஒரு விசித்திரம் உண்டு. இந்தியா அப்போது விடுதலை பெறவில்லை. தூதர் வந்துவிட்டார், நாடு இன்னும் வரவில்லை! பிரிட்டிஷ் மன்னரின் பெயரால்தான் அவர் அங்கே இருந்தார். ஆகஸ்ட் 15 அன்று கட்டடம் மாறவில்லை, மேசை மாறவில்லை, ஆளும் மாறவில்லை. ஆனால் அந்த மேசையிலிருந்து எழுதப்படும் கடிதத்தின் மதிப்பு ஒரே நாளில் மாறியது. குத்தகைக் கடையை விலைக்கு வாங்கிய மறுநாள் அதே கதவைத் திறக்கும் வணிகருக்கு இது புரியும்.

அசோகச் சக்கரம் பொறித்த மூவர்ணத்தை அரசியல் நிர்ணய சபை ஏற்றது ஜூலை 22ஆம் தேதி. உலகத் தலைநகரங்களில் அதை ஏற்ற 24 நாள்தான் இருந்தது. பாகிஸ்தானின் கொடியோ ஆகஸ்ட் 11ஆம் தேதிதான் ஏற்கப்பட்டது. துணிக்கடைக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள், அளவும் நிறமும் பிசகாமல் ஒரு புதுக் கொடியைத் தைத்து முடிக்க அது எவ்வளவு குறுகிய தவணை என்று.

ஆனால் அந்தக் கொண்டாட்டம் முழு மகிழ்ச்சியாக இருந்திருக்க முடியாது. பஞ்சாப் எரிந்துகொண்டிருந்தது. செப்டம்பரில் அந்தத் தீ டில்லிக்கே வந்தது. ஆசப் அலி எந்த மக்களின் வாக்கில் சட்டசபைக்குப் போனாரோ, அந்தப் பழைய டில்லியின் முஸ்லிம்கள் ஆயிரக்கணக்கில் வீடிழந்து புரானா கிலாவிலும் ஹுமாயூன் கல்லறை வளாகத்திலும் அடைக்கலம் புகுந்தனர். தம் ஊர் அப்படிக் கிடக்க, தூதர் அயல்நாட்டவர் முன் தம் நாட்டுக்காகப் பேச வேண்டியிருந்தது. தூதர் பதவியின் பாரம் அதுதான். நாட்டின் நல்ல நாளில் மட்டுமல்ல, கெட்ட நாளிலும் அவரே அதன் முகம்.

அந்த ஆண்டு முடிவதற்குள் பாகிஸ்தானின் முதல் தூதராக மிர்சா அபுல் ஹசன் இஸ்பஹானி வாஷிங்டன் வந்துசேர்ந்தார். கல்கத்தாவில் பேர்பெற்ற வணிகக் குடும்பத்தவர். நேற்றுவரை ஒரே நாட்டவராக இருந்த இரண்டு முஸ்லிம்கள், ஒரே நகரத்தில், இரண்டு கொடிகளின் கீழ் அமர்ந்தார்கள். யார் சரி, யார் தவறு என்று தீர்ப்புச் சொல்ல நாம் யார்? இருவரும் தாம் தேர்ந்த நாட்டுக்கு நேர்மையாக உழைத்தார்கள் என்பதே நமக்குப் பாடம்.

ஆசப் அலி நாட்டுக்காகப் பேசியபோது தம் மனசாட்சியைக் கழற்றி வைக்கவில்லை. 1947 ஏப்ரல், மே மாதங்களில் ஐக்கிய நாடுகள் சபை பாலஸ்தீனத்துக்காகச் சிறப்புக் கூட்டம் கூட்டியபோது இந்தியாவின் குரலாக இருந்தவர் அவரே. அதன் பிறகு அமைந்த 11 நாடுகளின் விசாரணைக் குழுவில் இந்தியாவும் இடம்பெற்றது. ஈரான், யூகோஸ்லாவியாவுடன் சேர்ந்து, பாலஸ்தீனத்தைப் பிளக்காமல் கூட்டாட்சியாக வைக்கும் திட்டத்தை இந்தியா முன்வைத்தது. நவம்பர் 29இல் நடந்த வாக்கெடுப்பில் பிரிவினைக்கு எதிராக வாக்களித்த 13 நாடுகளில் இந்தியாவும் ஒன்று.

1948இல் அவர் ஒரிசாவின் ஆளுநரானார். பின்னர் சுவிட்சர்லாந்தில் இந்தியாவின் பிரதிநிதியாகப் போய், 1953 ஏப்ரலில் பெர்ன் நகரில் பதவியில் இருக்கும்போதே காலமானார். சபர் போன இடத்திலேயே மரணம். நம் குடும்பங்களுக்கு இது புதிய செய்தி அல்ல.

இனி நம் மலாயாவுக்கு வருவோம். 1943 பிரகடனத்தில் ஆலோசகர்களாகக் குறிக்கப்பட்டோரில் இரண்டு பெயர்களை இங்கே எடுத்துக்கொள்வோம்: ஜான் திவி, கரீம் கனி. மலாயாவில் பிறந்த திவி 1946 ஆகஸ்டில் தோன்றிய மலாயா இந்தியர் காங்கிரசின் முதல் தலைவரானார். அடுத்து, தாம் பிறந்த மண்ணிலேயே இந்திய அரசின் பிரதிநிதியாக நியமிக்கப்பட்டார். கரீம் கனி போருக்குப் பின் சிங்கப்பூரில் ‘மலாயா நண்பன்’ ஆசிரியராக நம் மக்களிடையே செல்வாக்குப் பெற்றார். முஸ்லிம் லீக்கில் முன்னின்றார். 1950 டிசம்பர்க் கலவரத்தை அடுத்துக் காவலில் வைக்கப்பட்டு, பின்னர் பாகிஸ்தான் போனார். ஒரே பட்டியலில் இருந்த இருவருக்கும் பத்தாண்டு கழித்து இரண்டு தாயகங்கள்.

இந்த இரண்டு வழிகளுக்கும் நடுவில் நின்றவர்கள்தான் நம் முன்னோர். அவர்களில் லீக்கை ஆதரித்தவர்கள் உண்டு, காங்கிரசை ஆதரித்தவர்கள் உண்டு. ஆனால் கீழக்கரையும் காயல்பட்டினமும் நாகூரும் கடையநல்லூரும் எல்லைக்கோட்டிலிருந்து வெகு தூரம். தாய் தந்தையின் கபுர் எந்த ஊரில் இருக்கிறதோ, அந்த ஊர் இந்தியாவில்தான் இருந்தது. பிழைப்போ மலாயாவில். ஆக, ‘இந்தியாவா பாகிஸ்தானா’ என்று மற்றவர்கள் கேட்ட கேள்வியைவிட, ‘இந்தியாவா மலாயாவா’ என்பதே நம்மவரின் உண்மையான கேள்வி. அதை அவர்கள் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தார்கள்.

1957 ஆகஸ்ட் 31இல் மெர்டேக்கா வந்தது. அன்றுமுதல் இங்கே பிறந்த குழந்தைகள் பிறப்பாலேயே குடிமக்களாயினர். முன்பே வந்து குடியிருந்தோர் விண்ணப்பிக்க அரசியல் சட்டம் வழி திறந்தது. இந்தியச் சட்டமோ இரட்டைக் குடியுரிமைக்கு இடம் தரவில்லை. ஒன்றைப் பிடித்தால் மற்றதை விட வேண்டும். எங்கள் பாட்டனார் பினாங்கில் ஒரு மளிகைக் கிட்டங்கியில் கணக்கெழுதியவர். சிவப்பு ஐசியும் இந்தியப் பாஸ்போர்ட்டும் அவருடைய பெட்டியில் ஒன்றாகக் கிடந்தன. “இந்தச் சபர் போய் வந்து மனு போடலாம்” என்று ஒவ்வொரு முறையும் சொல்வாராம். 1968இல் வேலைவாய்ப்புக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. குடியுரிமை இல்லாதவர் வேலை பார்க்க பெர்மிட் வேண்டும் என்றானது. அவருக்குப் பெர்மிட் கிடைக்கவில்லை. முப்பது ஆண்டு உழைத்த ஊரைவிட்டுக் கப்பலேறினார். குடியுரிமை பெற்றிருந்த எங்கள் வாப்பா இங்கேயே தங்கினார். கப்பலடியில் பிரிந்த தந்தையும் மகனும் அதன்பின் சந்தித்தது இரண்டே முறை.

பாட்டனார் இந்தியாவை நேசித்தது தவறல்ல. ஆசப் அலியும் நேசித்தார். ஆனால் தூதருக்கு ஒரு வசதி இருந்தது. எந்த நாட்டில் இருந்தாலும், தாம் யாருடைய ஆள் என்பது அவருடைய நியமனக் கடிதத்தில் எழுதியிருந்தது. நம் முன்னோருக்கு அப்படி யாரும் எழுதித் தரவில்லை. அவர்களே மனுவில் எழுதிக் கையொப்பம் இட வேண்டியிருந்தது. எழுதியவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று இச்சங்கத்தின் உறுப்பினர்கள்.

1957இல் நம் நாடும் தன் முதல் தூதரை வாஷிங்டனுக்கு அனுப்பியது. அவர் டாக்டர் இஸ்மாயில் அப்துல் ரஹ்மான். ஐக்கிய நாடுகள் சபையிலும் நம் முதல் பிரதிநிதி. செப்டம்பர் 17இல் மலாயா அச்சபையின் உறுப்பினரானது. பத்தாண்டுக்கு முன் ஆசப் அலியின் கொடி பறந்த நகரத்தில் நம் கொடியும் பறந்தது. அந்த இரண்டு கொடிகளையும் பார்த்து மகிழ நம் முன்னோருக்கு உரிமை இருந்தது. ஆனால் ‘நம்முடையது’ என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்லும் உரிமையை, மனு எழுதிய கைகளே நமக்குத் தேடித் தந்தன.

இன்றும் நம் சமூகத்தில் பிறப்புப் பத்திரம் இல்லாமலும், சிவப்பு ஐசியோடும் காலம் தள்ளும் பெரியவர்கள் சிலர் உண்டு. பொன்விழாக் காணும் சங்கம் அவர்களின் வீட்டுக் கதவைத் தட்டி, மனு எழுதிக் கொடுத்து, அலுவலகம்வரை கூட நடக்குமானால், அதைவிடச் சிறந்த விழா வேறில்லை. மறைந்த நம் முன்னோர் அனைவரின் பிழைகளையும் அல்லாஹ் பொறுத்து, அவர்கள் பட்ட பாட்டை ஏற்றுக்கொள்வானாக. ஆமீன்.