அடிச்சட்டமும் உப்புக்காற்றும்: ராமநாதபுரக் கடற்கரையில் பழைய கார்கள்

மோட்டார் வண்டி பிறந்த காலத்தில் அது இரண்டு தனித்தனித் தொழில்களின் கூட்டு விளைவாகவே இருந்தது. எஞ்சின், கியர்ப் பெட்டி, அச்சுகள், சக்கரங்கள் ஆகியவற்றைத் தாங்கும் இரும்புச் சட்டத்தை ஓரிடத்தில் செய்தார்கள். ஆட்கள் அமரும் கூட்டை வேறோரிடத்தில் கட்டி, அந்தச் சட்டத்தின்மேல் போல்ட் போட்டு இறுக்கினார்கள். முன்னதைச் சேஸ் என்றும் பின்னதைப் பாடி என்றும் இன்றுவரை பட்டறைகளில் சொல்கிறார்கள். பாடியைச் சேஸிலிருந்து பிரித்துத் தூக்கும் வேலை பழைய கார் ஆர்வலர்களின் அண்மைக்காலப் பொழுதுபோக்கு எனப் பலரால் கருதப்பட்டாலும், இரும்பை ஆண்டு முழுவதும் உப்பு தின்னும் ராமநாதபுரம், ராமேசுவரம் கடற்கரையில் அது வண்டியின் ஆயுளையே தீர்மானிக்கும் வேலையாகும்.

சென்னை மாகாணத்தில் பாடி கட்டும் கலையின் வேர் குதிரை வண்டிப் பட்டறைகளில் இருந்தது. 1840-இல் தொடங்கிய சென்னை சிம்சன் நிறுவனம் கோச்சு வண்டிகளைக் கட்டிப் பெயர் பெற்று, 1903-இல் நீராவியால் ஓடும் காரையும் உருவாக்கிப் பின்னர் மோட்டார் வண்டிகளுக்குப் பாடி கட்டும் தொழிலில் இறங்கியது. மரச் சட்டகத்தின்மேல் தகடு போர்த்தும் அன்றைய முறையில் கோச்சுத் தச்சரின் கைப்பழக்கம் அப்படியே பயன்பட்டது. பேருந்துகளைப் பொறுத்தவரை இந்தப் பிரிவினை இன்றும் மறையவில்லை. பாடி இல்லாத வெறும் சேஸை, காற்றுக்கும் வெயிலுக்கும் முகத்தைக் கொடுத்தபடி ஓட்டுநர் கரூர்ப் பட்டறைகளுக்கு ஓட்டிச் செல்லும் காட்சி தமிழகத்து நெடுஞ்சாலைகளில் பழகிப்போன ஒன்று.

கார்களிலோ இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலைமை மாறியது. தனிச் சட்டம் இல்லாமல், வளைத்துப் பற்றவைத்த தகடுகளே பாரத்தைத் தாங்கும் ஒற்றைக்கூட்டு முறை பரவியது. அம்பாசடரும் ஃபியட்டும் அவ்வகையைச் சேர்ந்தவை என்பதால் அவற்றில் பிரித்துத் தூக்குவதற்குத் தனிப் பாடியே கிடையாது. இந்தப் போக்குக்கு விலக்காக நின்ற கார் ஒன்று தமிழகத்திலேயே தயாரானது என்பது போதிய அளவு பேசப்படாத செய்தி. பிரிட்டனில் 1959-இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டு, இத்தாலிய வடிவமைப்பாளர் ஜொவான்னி மிக்கெலோட்டி வரைந்தது. டிரையம்ப் நிறுவனத்துக்குப் பாடி செய்து கொடுத்துவந்த ஃபிஷர் அண்ட் லட்லோ ஆலையைப் போட்டி நிறுவனமான பி.எம்.சி. 1953-இல் வாங்கிவிட்டதால், முழுக்கூட்டை ஒரே இடத்தில் அச்சழுத்தும் வசதி கைவிட்டுப்போக, பாடியைப் பல துண்டுகளாகச் செய்து தனிச் சட்டத்தில் பொருத்தும் பழைய வழிக்கே அது திரும்ப வேண்டியதாயிற்று. பிரிவுகளாகக் கப்பலேற்றி வெளிநாட்டில் பூட்டுவதற்கும் இந்த அமைப்பு தோதாக இருந்தது. சென்னையை அடுத்த வண்டலூரில் இயங்கிய ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா 1961 முதல் இதனை ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்ற பெயரில் தயாரித்தது. 1972-இல் அதன் இடத்துக்குக் கெசல் வந்தது.

இத்தகைய வண்டி ராமநாதபுரக் கரைக்கு வரும்போது எதிர்கொள்ளும் இடர் வேறெங்கும் எளிதில் காணக் கிடைக்காதது. மண்டபம் முனைக்கு வடக்கே பாக் விரிகுடாவும் தெற்கே மன்னார் வளைகுடாவும் இருப்பதால், தென்மேற்குக் காற்று வீசினாலும் வடகிழக்குக் காற்று வீசினாலும் அது கடலைத் தொட்டே வருகிறது. ஆகவே உப்பு ஓயும் பருவம் என்று ஒன்று அங்கே இல்லை. காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வகம், அந்நகர் பழைய ராமநாதபுரம் மாவட்டத்துக்குள் இருந்த 1953-இல், அழகப்பச் செட்டியாரின் கொடையால் திறக்கப்பட்டது. மண்டபம் முகாமில் அது சோதனை நிலையம் அமைத்து, உலோகத் தகடுகளை வெட்டவெளியில் நிறுத்தி, குறித்த காலம் கழித்துத் துருவைக் கழுவி எடைபோட்டு, எவ்வளவு இரும்பு கரைந்தது என்று கணக்கிடும் முறையைக் கையாண்டது. 1914-இல் திறந்த பாம்பன் ரயில் பாலமும் தன் வாழ்நாள் முழுவதும் துருவோடு போராடி, 2022 டிசம்பரில் ரயில் ஓட்டத்தை நிறுத்திக்கொண்டு, 2025 ஏப்ரலில் புதிய பாலத்துக்கு வழிவிட்டது. பாம்பன் சாலைப் பாலம் 1988 அக்டோபரில்தான் திறக்கப்பட்டது. அதற்குமுன் ரயிலிலோ படகிலோ ஏற்றாமல் ராமேசுவரம் தீவுக்குள் ஒரு காரைக் கொண்டுசெல்ல வழியே இருந்ததில்லை.

பாடியும் சேஸும் சந்திக்கும் இடமே உப்புக்குப் பிடித்த இடம். போல்ட் துளையைச் சுற்றி வைத்த ரப்பர் திண்டுகளுக்குக் கீழே ஈரமும் மணலும் தங்குகின்றன; காற்றுப் புகாத அந்த இடுக்கு, காற்றுப்படும் பக்கத்து இரும்போடு சேர்ந்து ஒரு சிறு மின்கலத்தைப்போல் செயல்படுவதால், இடுக்கிலுள்ள இரும்பு விரைவாகக் கரைகிறது. சேஸின் பெட்டி வடிவக் கம்பங்களோ உள்ளிருந்தே துருப்பிடிப்பதால், வெளியே வர்ணம் பளபளக்க உள்ளே தகடு காகிதமாக மெலிந்திருக்கும். ஹெரால்டில் நடுமுதுகுச் சட்டத்திலிருந்து இருபுறமும் கைநீட்டி நிற்கும் பக்கக் கம்பங்கள்தாம் பாடியின் ஓரத்தைத் தாங்குகின்றன. முதலில் அழிவதும் அவையே.

வீட்டு முற்றத்தில் இவ்வேலையை மேற்கொள்பவருக்கு ஹெரால்டு பெரிதும் ஒத்துழைக்கிறது. முன்புறம் கவிழ்ந்து திறக்கும் பானெட் முழுவதும் தனித் துண்டாகக் கழன்றுவருவதால், எஞ்சியிருப்பது கண்ணாடி நிற்கும் முன்பகுதியும் இருக்கைகளுக்குப் பின்னுள்ள தொட்டியும் கூரையும் மட்டுமே. முதலில் பேட்டரி இணைப்பைக் கழற்றி, டிக்கியிலுள்ள பெட்ரோல் டாங்கைக் காலிசெய்து இறக்கி, பிறகு ஸ்டீயரிங் தண்டு, பிரேக் குழாய், கைபிரேக் கேபிள், ஒயரிங் எனப் பாடிக்கும் சேஸுக்கும் இடையே ஓடும் ஒவ்வொன்றையும் பிரிக்க வேண்டும். ஒரே ஒரு கேபிள் மறந்தாலும் தூக்கும்போது அது அறுந்துபோகும் அல்லது தகட்டைக் கிழித்துவிடும். துருவேறி இறுகிய போல்ட்டுகளுக்குப் பல நாள் முன்னதாகவே எண்ணெய் விட்டு ஊறவைப்பதும், அப்படியும் அசையாதவற்றைச் சூடேற்றிக் கழற்றுவதும் வழக்கம். தகட்டோடு பிய்ந்துவரும் போல்ட் டிங்கரிங் வேலையை இரட்டிப்பாக்கும்.

எனினும் அனுபவமுள்ளோர் மிகுதியும் கவனிக்கும் கட்டம் வேறு. கதவுகளைக் கழற்றியபின் கதவுத் திறப்பின் குறுக்கே ஆங்கிள் இரும்பைப் பற்றவைத்தோ போல்ட் போட்டோ நிறுத்தாமல் தூக்கினால், சேஸின் பிடிப்பை இழந்த கூடு நடுவில் தொய்ந்து, திரும்ப இறக்கும்போது கதவு பொருந்தாமல் போய்விடும். அதனால் முதலில் திறப்பின் அகலத்தைப் பல இடங்களில் அளந்து சுவரில் எழுதிவைத்துவிட்டு, அதன்பிறகே செயின் பிளாக்கை இழுக்கிறார்கள். நான்கு மூலையும் ஒரே அளவில் எழும்பும்படி சிறிது சிறிதாக உயர்த்தி, ஒவ்வொரு உயரத்திலும் கட்டைகளைச் செருகி, கூட்டின் அடியில் யாரும் நுழையாமல் சேஸை உருட்டி வெளியே எடுப்பதே முறை. அப்போதுதான் வெறும் இரும்பு கண்ணுக்குத் தெரிகிறது. சுத்தியலால் தட்டிக் கேட்டால் நல்ல தகடு கணீரென்றும் கெட்டது மொத்தென்றும் ஒலிக்கும். கெட்ட பகுதியை வெட்டி அதே கனமுள்ள தகட்டால் வெல்டிங் செய்து, கம்பத்தின் உட்புறத்திலும் துருத்தடுப்பு எண்ணெய் தெளித்து, வெளியே துத்தநாகம் கலந்த பூச்சுக் கொடுப்பது கடற்கரை வண்டிக்கு இன்றியமையாதது.

மத்திய அரசு 2021-இல் வகுத்த விதி, முதல் விற்பனைக்குப்பின் முதன்முதலாகப் பதிவாகி 50 ஆண்டுகள் கடந்து, சேஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்யப்படாத நான்கு சக்கர வண்டிகளைப் பழம்பெரும் வண்டிகளாகத் தனிப்பதிவு செய்ய இடமளிக்கிறது. ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டிகள் இன்று அந்த வயதைக் கடந்தவை. ஆனால் சட்டம் கரைந்துபோய் வேறு சேஸை மாட்டினால் அந்தத் தகுதி கைநழுவும். ஆகவே கடலோரத்தில் ஒரு பழைய காரை வைத்திருப்பவர் வர்ணத்துக்குப் பணம் செலவிடுமுன் பாடியைத் தூக்கிச் சட்டத்தைப் பார்த்துவிட வேண்டும். இவ்வேலையை அறிந்த முதிய டிங்கர்களின் கைமுறையை அவர்கள் இருக்கும்போதே எழுதியும் படமெடுத்தும் வைப்பது இம்மாவட்டத்தின் பாலிடெக்னிக்குகளும் தொழிற்பயிற்சி நிலையங்களும் உடனே எடுத்துக்கொள்ள வேண்டிய பணியாகும்.