புற்றும் காளானும் நஞ்சும்

காளான் என்றதும் சங்கப் பாடல்களில் பழகியவர்க்கு நினைவில் எழுவது வறுமைதான். குமணனை நாடிச் சென்ற பெருந்தலைச் சாத்தனார், நெடுநாள் உலையேறாத தம் வீட்டு அடுப்பில் ஆம்பி பூத்ததைப் புறநானூற்றில் பாடுகிறார். ஆம்பி என்பது காளான். ஆனால் அடுப்பில் பூத்தால் பசியாகும் அதே காளான், கறையான் புற்றில் பூத்தால் விருந்து.

இடி இடித்து மழை பெய்த மறுநாள் விடியலில் புற்றுக்காளான் தேடிப் போவது தமிழகச் சிற்றூர்களின் பழைய வழக்கம். குடை விரிந்து முற்றுவதற்குள் பறித்துவிட வேண்டும். அதற்காக இருள் பிரியுமுன்னே புதருக்குள் கை நீட்ட வேண்டியிருக்கும். கறையான் புற்றெடுக்கக் கருநாகம் குடிபுகும் என்ற பழமொழியைச் சொன்னவர்கள் அதைப் பார்த்தே சொல்லியிருப்பார்கள். புற்றில் பாம்பு, கூடையில் நஞ்சுக்காளான் என இரண்டு ஆபத்துகள் இந்தத் தேடலில் உண்டு. இரண்டிலும் எழும் கேள்வி ஒன்றே: நஞ்சுள்ளதையும் நஞ்சற்றதையும் எப்படிப் பிரித்தறிவது?

இந்தக் கேள்வியின் ஏட்டு வரலாற்றில் ஒரு பகுதி சென்னைக் கடற்கரையை ஒட்டி நடந்தது. சாந்தோமிலிருந்து கடலை வலப்பக்கம் வைத்து வடக்கே நடந்தால் சேப்பாக்கம் வரும். ஆர்க்காட்டு நவாப் முகம்மது அலியின் அரண்மனை அங்கே 1768-இல் எழுந்தது. அதே ஆண்டில்தான் லின்னேயசின் மாணவரான யோஹான் கெர்ஹார்ட் கோனிக் மருத்துவராகத் தரங்கம்பாடிக்கு வந்தார். 1774-இல் அவர் நவாபிடம் இயற்கை ஆய்வாளராகச் சேர்ந்தார். 1778 முதல் கிழக்கிந்தியக் கம்பெனி அவருக்குச் சம்பளம் தந்தது. கறையான்களைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை 1779-இல் பெர்லினில் வெளிவந்தது. புற்றுக்குள் இருக்கும் கூட்டில் பூஞ்சை வளர்வதை முதன்முதலில் ஏட்டில் பதிந்தவர் அவரே. காடு மேடெல்லாம் அலைந்த அந்த மனிதர் 1785-இல் காக்கிநாடா அருகே வயிற்றுப்போக்கு நோயால் இறந்தார்.

அவருடைய பதவிக்கு வந்தவர் பாட்ரிக் ரஸ்ஸல். இவருடைய கவனம் பாம்புகளின் பக்கம் திரும்பியது. சோழமண்டலக் கரையின் பாம்புகளைப் பற்றிய அவரது நூல் 1796-இல் வெளிவந்தது. நஞ்சுள்ள பாம்பை எளிதில் இனங்காண ஓர் அடையாளம் கிடைக்குமா என்பதே அவரது தேடல். கண்ணாடி விரியனின் ஆங்கிலப் பெயரில் இன்றும் அவர் பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறது. காளானைப் பார்த்தவரின் நாற்காலியில் பாம்பைப் பார்த்தவர் அமர்ந்தது தற்செயல்தான். ஆனால் புற்றின் அருகே நிற்பவனுக்கு அதில் ஒரு பொருத்தம் தெரியும்.

பின்னர் இலங்கைப் பேராதனையில் டாம் பெட்ச் 1906-இல் புற்றுப் பூஞ்சைகளை விரிவாக ஆராய்ந்தார். 1942-இல் பிரெஞ்சு அறிஞர் ரோஜே ஆய்ம் அவற்றுக்கு டெர்மிட்டோமைசிஸ் என்ற பேரினத்தை வகுத்தார். அவர் நினைவாக, சென்னைப் பல்கலைக்கழகத்தின் கே. நடராஜன் 1979-இல் ஓர் இனத்துக்கு டெர்மிட்டோமைசிஸ் ஹெய்மி என்று பெயரிட்டார். கறையான்கள் மென்ற தாவரப் பொருளின்மேல் இப்பூஞ்சையைப் பயிரிடுகின்றன. மழைக்குப் பின் அது மண்ணைத் துளைத்து வெளியே குடை விரிக்கிறது. இழுத்துப் பார்த்தால் வேர்போல ஒரு நீண்ட காம்பு கூடுவரை இறங்கும். ஊரார் அந்த வேரையும் இடத்தையும் பருவத்தையும் சேர்த்தே பார்த்தார்கள். தனியாகக் கையில் கிடைத்த காளானை அவர்கள் நம்பவில்லை.

அந்தக் கட்டுப்பாடு தளர்ந்த இடத்தில்தான் உயிர்கள் போகின்றன. வெள்ளிக்காசு கறுத்தால் நஞ்சு, பூச்சி அரித்திருந்தால் நல்லது என்ற சோதனைகளுக்கு எந்த ஆதாரமும் இல்லை. கொடிய அமானிட்டா இனங்களின் நஞ்சு கொதித்தாலும் அழியாது. உண்டு பல மணி நேரம் கழித்தே வாந்தி தொடங்கும்; இடையில் தேறியது போலத் தோன்றும்; பிறகு கல்லீரல் செயலிழக்கும். 2022 ஏப்ரலில் அசாமில் காட்டுக்காளான் உண்டு 13 பேர் மாண்டார்கள். இமயச் சரிவுகளில் பனி உருகும் காலத்தில் மலைமக்கள் தேடித் திரியும் விலையுயர்ந்த குச்சிக் காளான்கூட நன்றாக வேகாவிட்டால் தீங்கு செய்யும். 2023-இல் அமெரிக்காவின் மொன்டானாவில் ஓர் உணவகத்தில் அவ்வகைக் காளான் உண்ட 51 பேர் நோயுற்றார்கள், இருவர் இறந்தார்கள்.

புற்றுக்காளானை மனிதன் இன்றுவரை தோட்டப்பயிராக்கவில்லை. அதை வளர்க்கக் கறையானுக்கு மட்டுமே தெரியும். ஆகவே புற்றை இடித்து மனை போடும்போது ஓர் உணவோடு அதை இனங்காணும் அறிவும் சேர்ந்தே போகிறது. நடராஜன் பெயரிட்ட இனம் ஏட்டில் நிலைத்திருக்கும். ஆனால் எந்தப் புற்றில், எந்த மழைக்குப் பின், எதைத் தொடக்கூடாது என்பதை ஒரு பாட்டி தன் பேத்திக்குப் புற்றின் அருகே நின்றுதான் சொல்லித்தர முடியும்.