வாவிக்கரைக்கு ஒரு பாட்டுத் தொகுப்பு

எங்கள் ஊரை விட்டு சுவிஸ், கனடா, கட்டார் என்று போனவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குழு இருக்கிறது. இந்தச் சித்திரை வருடப்பிறப்புக்கு அவர்களுக்குக் கைவிசேடமாக ஒரு பாட்டுத் தொகுப்பு செய்து அனுப்பினேன். ஒரு காலத்தில் நம் நகரங்களில் ‘றெக்கோடிங் பார்’ கடைகள் இருந்தன. விரும்பிய பாட்டுகளைத் தாளில் எழுதிக் கொடுத்தால் கசெட்டில் பதிந்து தருவார்கள். 90 நிமிடக் கசெட்டில் ஒரு பக்கம் 45 நிமிடம். அந்த அளவையே நானும் எல்லையாக வைத்துக்கொண்டேன். சினிமாப் பாட்டு ஒன்றும் சேர்க்கவில்லை; அது சூரிச்சிலும் கிடைக்கும்.

முதல் ஒலி பாடும் மீன். எமர்சன் டெனன்ட் 1848இல் மட்டக்களப்பு வாவியில் இந்த ஒலியைக் கேட்டு எழுதினார். படகின் மரத்தில் காதை வைத்தால் ஒலி கூடுகிறது என்பதும் அவர் குறிப்புதான். உள்ளூர் ஆட்கள் அவருக்குக் காட்டியது மீனை அல்ல, ஊரியை. விபுலாநந்த அடிகள் யாழ்நூலில் இதை நீரரமகளிரின் இசையாகக் கண்டார். 1950களில் இயேசு சபைத் துறவி லாங் அடிகளார் நீருக்கடியில் ஒலிவாங்கி இறக்கிப் பதிவு செய்தார். பின்னர் அது இலங்கை வானொலியில் ஒலிபரப்பானது. நான் போன வருடம் பறுவ நாளில் கல்லடிப் பாலத்தடியில் தோணியில் போய், துடுப்பின் ஒரு முனையை நீரில் வைத்து மறுமுனையில் கைபேசியை ஒட்டிப் பிடித்தேன். கிடைத்தது 40 வினாடி. மண்டூகக் கத்தல் என்று யாராவது சிரித்தால் சிரிக்கட்டும்.

அடுத்து கூத்து. இரவு முழுக்க ஆடுவதில் ஆறு நிமிடத்தை வெட்டுவது அண்ணாவியாருக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை. வடமோடியில் ஒரு போர்ச் சண்டையும் தென்மோடியில் ஒரு வரவுப் பாட்டும் எடுத்தேன். வடமோடியில் ஆட்டமும் மத்தளமும் முந்தும். தென்மோடியில் பாட்டை இழுத்து இழுத்துப் பாடுவார்கள். கண்ணை மூடிக் கேட்பவருக்கு தென்மோடிதான் உகந்தது.

பிரச்சினை இதற்குப் பிறகு வந்தது. ‘எங்கட பாட்டு மட்டும் போதும்’ என்றார் குழுவில் ஒருவர். வாவியின் கரையில் தமிழர் மட்டும் இருக்கவில்லையே. காத்தான்குடிப் பக்கத்துப் பொல்லடிப் பாட்டை விட்டால், பெருநாளுக்கு அந்தச் சத்தம் கேட்டு வளர்ந்த எனக்கே அது ஊராகத் தெரியாது. முஸ்லிம் பெண்கள் பாடும் நாலு வரிக் கவியும் ஒன்று சேர்த்தேன். பறங்கியர் கலியாண வீட்டு கஃப்ரிஞ்ஞாவை எங்கள் ஆட்கள் பைலா என்றுதான் சொல்வார்கள். உண்மையில் பைலாவுக்குத் தாய் அது. இலங்கைப் போர்த்துக்கேய மொழிப் பாடல்களை அமெரிக்கப் பேராசிரியர் கென்னத் டேவிட் ஜாக்சன் திரட்டினார். 1998இல் போர்த்துக்கலில் குறுவட்டாகவே வந்தது. மட்டக்களப்பில் அந்த மொழி பேசுவோர் குறைந்துகொண்டே போகிறார்கள்.

கண்ணகி குளிர்த்திப் பாடலை விட்டுவிட்டேன். வைகாசியில் கதவு திறந்து, வழக்குரை படித்து, கடைசி நாளில் அம்மனைக் குளிர்விக்கப் பாடுவது அது. கட்டாடியாரிடம் கேட்டேன். “குசினிக்குள்ள வெங்காயம் வெட்டிக்கொண்டு கேக்கிற பாட்டில்ல, தம்பி” என்றார். குழுவில் இரண்டு அக்காமார் இன்னும் கோபமாக இருக்கிறார்கள். அவர்கள் இருபது வருடமாகக் குளிர்த்திக்கு வர முடியாதவர்கள் என்பதால் அந்தக் கோபத்துக்கு என்னிடம் பதில் இல்லை.

வேலை நுட்பம் பெரிதாக ஒன்றுமில்லை. கச்சான் காற்று வீசும் மாதங்களில் வெளியே பதிந்தால் கைபேசியைப் பருத்தித் துணியால் சுற்ற வேண்டும். மத்தளம் உரக்க இருக்கும், தாலாட்டு தணிந்திருக்கும். ஒடாசிட்டி என்ற இலவச மென்பொருளில் இரண்டையும் சமப்படுத்தலாம். பாட்டுக்குப் பாட்டு இடையில் மூன்று வினாடி வாவித் தண்ணீர்ச் சத்தம் போட்டேன். கூடவே ஒரு பட்டியல்: பாடியவர், ஊர், எழுவான்கரையா படுவான்கரையா, பதிந்த நாள். பெயர் போட வேண்டாம் என்ற ஒரு அம்மாவுக்கு மட்டும் ‘ஏறாவூர்’ என்று எழுதினேன்.