நாடகத் திரைச்சீலை

மேடையின் பின்புறமோ குறுக்கேயோ தொங்கி, காட்சி நிகழும் இடத்தை உணர்த்தும் துணி. படுதா, சீன் என்றும் வழங்கும். சுருட்டி எடுத்துச் சென்று பல நாடகங்களுக்குப் பல ஆண்டுகள் பயன்படுத்தலாம் என்பதால், பொருளை வீணாக்காத அரங்கமைப்பில் இதற்குத் தனியிடம் உண்டு.

சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்னும் மூன்று திரைகளையும் ஓவிய விதானத்தையும் குறிக்கிறது. திரைகளிலும் ஓவியம் இருந்ததா என்பது தெளிவாகவில்லை. பின்வந்த பல நூற்றாண்டுகளுக்குச் சான்றுகள் அரிது. தெருக்கூத்தில் இருவர் பிடிக்கும் திரையே பாத்திரங்களை அறிமுகம் செய்யப் போதுமானது.

ஓவியத் திரை 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பரவியது. பார்சி நாடகக் குழுக்களே இதற்கு வழிகாட்டி என்பது பொதுவான கருத்து; தஞ்சை கோவிந்தசாமி ராவ் குழு போன்றவற்றின் பங்கும் கருதத்தக்கது.

1891இல் சுகுண விலாச சபையை நிறுவிய பம்மல் சம்பந்த முதலியாரின் ‘நாடக மேடை நினைவுகள்’, அவ்வை தி. க. சண்முகத்தின் ‘எனது நாடக வாழ்க்கை’ ஆகிய நூல்களால் கம்பெனி நாடகக் காலம் நன்கு தெரியவருகிறது. தர்பார், தெரு, காடு, நந்தவனம் எனச் சில திரைகளே ஒரு கம்பெனியின் முதல். அரிச்சந்திரனின் அரசவையாக நின்ற தர்பாரே மறுநாள் கோவலன் கதையில் பாண்டியன் அவையாகும்; வள்ளி தினைப்புனம் காத்த காட்டில் பவளக்கொடி உலவுவாள். பாண்டியன் அவையில் ஐரோப்பியத் தூண்களும் பளிங்குத் தரையும் எழுதப்பட்டிருப்பது அக்காலத் திரைகளின் தனியழகு. முன்னே தெருத்திரையில் நகைச்சுவைக் காட்சி நடக்கும்போதே பின்னே தர்பாரை ஒழுங்குசெய்வர்; கயிற்றை இழுத்ததும் முன்திரை சுருண்டு மேலேறும். கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜு (1898–1976) நாடகத் திரைகள் எழுதியவர். அவரது தெய்வப் படங்கள் பின்னர் சிவகாசி நாட்காட்டிகளில் புகழ்பெற்றன.

எல்லாக் கம்பெனிகளும் சிக்கனமாக இருந்ததில்லை. சி. கன்னையாவின் ‘தசாவதாரம்’ ஆடம்பரக் காட்சிகளால் பேர்பெற்றது; பின்னர் ஆர். எஸ். மனோகர் தந்திரக் காட்சிகளால் கூட்டம் ஈர்த்தார்.

1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை போன்ற நவீன நாடகக் குழுக்கள் திரையை விட நடிகரின் உடலையே முதன்மையாக்கின. ஆயினும் மதுரை, புதுக்கோட்டை வட்டாரங்களின் ஸ்பெஷல் நாடகங்களில் வாடகைத் திரைகள் தொடர்ந்தன.

அண்மையில் அச்சிட்ட ஃபிளெக்ஸ் மேடைகளில் இடம்பிடித்துள்ளது. துணித்திரையின் கிழிசலைத் தைக்கலாம், மங்கிய வண்ணத்தை மீண்டும் பூசலாம். பிவிசி பூசிய ஃபிளெக்ஸோ மக்காது, மறுசுழற்சிக்கும் எளிதில் உட்படாது.