சென்னை சங்கமம்

பொங்கலையொட்டிச் சென்னைப் பூங்காக்களிலும் திடல்களிலும் நடக்கும் கட்டணமில்லாக் கலைவிழா. 2007இல் கனிமொழியும் ஜெகத் கஸ்பரும் முன்னின்று தொடங்கினர்; கஸ்பரின் தமிழ் மையம் அரசுடன் இணைந்து நடத்தியது. 2011 ஆட்சி மாற்றத்துக்குப் பின் நின்றுபோய், 2023 ஜனவரியில் ‘நம்ம ஊரு திருவிழா’ என்ற பெயருடன் மீண்டது. அவ்வாண்டின் களங்களுள் ஒன்று இராயபுரம் ராபின்சன் திடல்.

பறையாட்டம், கரகம், ஒயில், பொய்க்கால் குதிரை ஆகியவற்றுக்குச் சபா அரங்குகளில் அரிதாகவே கிடைத்த மேடை இவ்விழாவில் கிடைத்தது. விடிய விடிய ஆட வேண்டிய தெருக்கூத்து மட்டும் மாலைநேரத் துண்டாகச் சுருங்கியது; கூத்துக்கு அது இழப்பே. ஆட்டமும் நாடகமும் பிரியாத அக்கலையை 1977இல் ந. முத்துசாமி நிறுவிய கூத்துப்பட்டறை நவீன நாடகத்துக்கு அடிப்படையாக்கியிருந்தது.