பட்டம் வழங்கும் அவை: மலாயாப் பல்கலைக்கழக செனட்டும் தமிழும்



பட்டமளிப்பு விழாவில் நம் பிள்ளைகள் மேடையேறிச் சான்றிதழ் பெறுவதைக் கண்டு மகிழ்கிறோம். வேந்தரைப் பார்க்கிறோம், துணைவேந்தரைப் பார்க்கிறோம். ஆனால் அந்தப் பட்டத்துக்கு உரியவர் இவர்தாம் என்று முடிவு செய்த அவையை நாம் பார்ப்பதில்லை. அதன் பெயர் செனட். எந்தப் பாடத்தைப் பல்கலைக்கழகத்தில் கற்பிக்கலாம், எவரைச் சேர்க்கலாம், எவ்வாறு தேர்வு நடத்தலாம், எவருக்குப் பட்டம் தரலாம் என்னும் நான்கு வினாக்களுக்கும் விடை கூறும் உரிமை அந்த அவைக்கே உண்டு. தமிழ்க்கல்வியின் எதிர்காலம் பற்றிப் பேசும் நாம் அமைச்சைப் பற்றிப் பேசும் அளவுக்குச் செனட்டைப் பற்றிப் பேசுவதில்லை. ஆகவே அதன் வரலாற்றைச் சுருக்கமாக இங்கே எழுதுகிறேன்.

செனட் இல்லாத காலம்

1904ஆம் ஆண்டு டான் ஜியாக் கிம் தலைமையில் சிங்கப்பூர் மக்கள் தங்களுக்கு ஒரு மருத்துவப் பள்ளி வேண்டுமென்று அரசினரிடம் விண்ணப்பித்தனர். அவர்கள் திரட்டிய தொகை 87,077 வெள்ளி. 1905இல் பள்ளி தொடங்கியது. பின்னாளில் ஏழாம் எட்வர்ட் மன்னர் மருத்துவக் கல்லூரி எனப் பெயர் பெற்றது இதுவே. இதன் மருத்துவத் தகுதியைப் பிரிட்டனின் பொது மருத்துவ மன்றம் 1916இல் ஏற்றுக்கொண்ட பின்னரே அதற்கு மதிப்பு உயர்ந்தது. கலை, அறிவியல் பாடங்களுக்காக 1928இல் ராஃபிள்ஸ் கல்லூரி தோன்றியது. அங்கே படித்தவர்களுக்குக் கிடைத்ததோ பட்டயம் மட்டுமே.

நல்ல ஆசிரியர்களும் நல்ல மாணவர்களும் இருந்தும் பட்டம் ஏன் தர இயலவில்லை? பட்டம் என்பது, 'இவர் இன்ன தரத்தை எட்டினார்' என்று ஒரு நிறுவனம் தன் சொந்தப் பொறுப்பில் கூறும் உறுதிமொழி. அவ்வாறு உறுதி கூறும் சட்ட உரிமை கல்லூரிகளுக்கு இல்லை. தரத்தை அளக்கும் கோல் பிறர் கையில் இருந்தது.

1939இல் மெக்லீன் குழு இங்கே முழுப் பல்கலைக்கழகம் அமைக்கும் காலம் இன்னும் வரவில்லை என்று கூறிற்று. போருக்குப் பின்னர் 1947இல் சர் அலெக்சாண்டர் கார்-சாண்டர்ஸ் தலைமையில் வந்த ஆணையக் குழு அதற்கு மாறான முடிவுக்கு வந்தது. அதன் பயனாக இரு கல்லூரிகளும் இணைந்து, 1949ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள் சிங்கப்பூரில் மலாயாப் பல்கலைக்கழகம் பிறந்தது. அன்றுதான் அளவுகோல் நம் நாட்டவர் கைக்கு வந்தது. அதைப் பிடித்த கையே செனட்.

மூன்று அவைகள், மூன்று பணிகள்

புதிய பல்கலைக்கழகத்துக்கு ஆங்கிலேயர் தம் நாட்டு நகரப் பல்கலைக்கழகங்களின் அமைப்பையே தந்தனர். அதில் மூன்று அவைகள் உண்டு. முதலாவது கோர்ட்; பொதுமக்களின் பேராளர்களுக்கும் இடமளிக்கும் பெரிய அவை. இரண்டாவது கவுன்சில், பணம், நிலம், கட்டடம், பணி நியமனம் ஆகியவற்றைக் கவனிக்கும் ஆட்சிமன்றம். மூன்றாவது செனட், துணைவேந்தர் தலைமையில் பேராசிரியர்கள் கூடும் கல்வி அவை.

இங்கே ஒரு விளக்கம் தேவை. தமிழ்நாட்டு நூல்களில் 'செனட்' என்னும் சொல்லைக் காணும்போது நாம் குழம்பிவிடக்கூடாது. 1857இல் தோன்றிய சென்னைப் பல்கலைக்கழகத்தில் செனட் என்பது பொதுவான ஆட்சிப் பேரவை. கல்வி சார்ந்தவற்றுக்கென 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி தனியாகக் கல்விக்குழு ஒன்று அங்கே அமைக்கப்பட்டது. சென்னையில் கல்விக்குழு செய்யும் பணியையே மலாயாவில் செனட் செய்கிறது.

செனட்டின் கடமைகளை இவ்வாறு தொகுக்கலாம்: பாடத்திட்டங்களை ஏற்றல், சேர்க்கைத் தகுதிகளை வகுத்தல், தேர்வுகளை நடத்தி, தேர்வாளர்களை நியமித்து, முடிவுகளை உறுதி செய்தல், ஆய்வுகளை நெறிப்படுத்தல், புதிய துறைகள் பற்றிப் பரிந்துரைத்தல், பட்டம் வழங்குதல். ஆனால் அதன் கையில் பணப்பை இல்லை. ஒரு துறை வேண்டுமென்று செனட் கருதினாலும், அதற்குரிய ஊதியத்துக்கும் நூல்களுக்கும் கவுன்சில் வழி காண வேண்டும். பணம் இருக்கிறது என்பதற்காகக் கவுன்சில் மட்டும் ஒரு பட்டத்தை உருவாக்கிவிடவும் முடியாது. இரண்டு சாவிகள் இல்லாமல் திறக்காத பெட்டி அது. செல்வர் ஒருவர் நன்கொடை தந்து பட்டத்தை விலைக்கு வாங்கிவிடாமல் காப்பதும் இந்த ஏற்பாடுதான்.

தமிழ் நுழைந்த கதை

1950களின் முற்பகுதியில் இந்திய ஆய்வியல் துறை ஒன்றைத் தொடங்கும் முயற்சி எழுந்தது. அதன் அடிப்படை மொழி எது என்பதே சிக்கலாயிற்று. ஆலோசனை கூற அழைக்கப்பட்ட வரலாற்றறிஞர் க. அ. நீலகண்ட சாஸ்திரியார் சமஸ்கிருதத்துக்கு முதன்மை தருவதை ஆதரித்தார். அக்கருத்தில் கல்வி சார்ந்த நியாயமே இல்லை என்று நாம் தள்ளிவிட முடியாது. இவ்வட்டாரத்தின் பழங்கல்வெட்டுகள் பல சமஸ்கிருதத்தில் உள்ளன. கெடா வட்டாரத்தில் கிடைத்த புத்தகுப்தன் கல்வெட்டு அதற்கொரு சான்று. ஆனால் சுமத்ராவின் பாரூஸில் கிடைத்த 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டும் இவ்வட்டாரத்தைச் சேர்ந்ததே. மேலும், மலாயாவில் வாழ்ந்த இந்தியருள் பெரும்பான்மையோர் தமிழர். அவர்கள் பேசும் மொழியை விட்டுவிட்டு அவர்களைப் பற்றிய ஆய்வியல் துறை அமைப்பது எவ்வாறு பொருந்தும்?

இவ்வினாவை மக்களிடம் கொண்டு சென்றவர் தமிழ் முரசு ஆசிரியர் கோ. சாரங்கபாணி. 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் முழக்கத்தோடு நிதி திரட்டும் இயக்கம் எழுந்தது. தோட்டப்புறத் தொழிலாளர்களும் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்களும் சிறு சிறு தொகைகளாக வழங்கினர். அந்நிதி பல்கலைக்கழக நூலகத்துக்குத் தமிழ் நூல்கள் வாங்கப் பயன்பட்டது. 1956இல் இந்திய ஆய்வியல் துறை தொடங்கியபோது தமிழே அதன் முதன்மை மொழியாக அமைந்தது.

நாம் கவனிக்க வேண்டிய நுட்பம் இதில் ஒன்று உண்டு. கொடுத்த மக்கள் எவரும் செனட்டில் உட்காரவில்லை. எவரும் தேர்வுத்தாளைத் தாங்களே வகுக்க வேண்டுமென்றோ, தேர்ச்சி மதிப்பெண்ணைக் குறைக்க வேண்டுமென்றோ கேட்கவில்லை. 'எங்கள் மொழியைப் பாடமாக்குங்கள். தரத்தை நீங்கள் வகுத்துக்கொள்ளுங்கள்' என்பதே அவர்கள் நிலையாக இருந்தது. நூலின்றிப் பாடம் நடத்துவது எப்படி என்று தயங்குவோர்க்கு நூலையே கொடுத்தார்கள். உரிமையைக் கேட்டவர்கள், செனட்டின் உரிமையையும் மதித்தார்கள்.

துறை 1959இல் கோலாலம்பூருக்கு மாறியது. 1962இல் பல்கலைக்கழகமே இரண்டாகப் பிரிந்தது. 1961இல் துறைக்குத் தலைமையேற்ற தனிநாயகம் அடிகளார் காலத்தில், 1966 ஏப்ரலில் முதல் உலகத் தமிழாராய்ச்சி மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது. பத்தே ஆண்டுகளில் அத்துறை அடைந்த வளர்ச்சியை இம்மாநாடே காட்டும்.

மக்கள் பணமும் பட்டத்தின் மதிப்பும்

அதே காலத்தில் சீனச் சமூகத்தினர் வேறொரு வழியில் சென்றனர். தங்கள் மொழியில் ஒரு பல்கலைக்கழகத்தையே எழுப்பினர். நன்யாங் பல்கலைக்கழகத்துக்கு டான் லார்க் சை ஐம்பது லட்சம் வெள்ளி தருவதாக அறிவித்தார். ஹொக்கியன் சங்கம் நிலம் தந்தது. 1954இல் டிரைஷா ஓட்டுநர்கள் தங்கள் ஒருநாள் வருமானத்தை வழங்கினர். 1956இல் வகுப்புகள் தொடங்கின. இத்தகைய ஈகையை எண்ணும்போது தலை தானாகவே வணங்குகிறது.

ஆயினும் 1959இல் பிரெஸ்காட் குழு, அதன் பட்டங்களை அப்போதைய நிலையில் ஏற்கப் பரிந்துரைக்கவில்லை. அதன்பின் மேலும் குழுக்கள், மேலும் அறிக்கைகள் வந்தன. 1968இல்தான் சிங்கப்பூர் அரசு அப்பட்டங்களை ஏற்றது. 1980இல் அது சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்துடன் இணைக்கப்பட்டது. இதில் அரசியலும் உண்டு என்பதை வரலாறு படித்தோர் அறிவர். ஆனாலும் ஒரு பாடம் தெளிவாகிறது. கட்டடத்தை மக்கள் எழுப்பிவிடலாம். பட்டத்தின் மதிப்பை, அதை வழங்கும் கல்வி அவையின் மீது பிறர் வைக்கும் நம்பிக்கையே எழுப்ப வேண்டும். அந்நம்பிக்கைக்காக நன்யாங் மாணவர்கள் பல ஆண்டுகள் காத்திருக்க நேர்ந்தது.

அதிகாரம் சுருங்கிய வரலாறு

மலேசியாவில் 1971ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகங்கள், பல்கலைக்கழகக் கல்லூரிகள் சட்டம் செனட்டைக் கல்வி அவையாகவே தொடர்ந்து வைத்துக்கொண்டது. கற்பித்தல், ஆய்வு, தேர்வு, பட்டமளிப்பு ஆகியவற்றின் கட்டுப்பாடும் பொதுவான வழிகாட்டலும் அதற்கே உரியன என்பது சட்டத்தின் கருத்து. ஆனால் அமைப்பு மாறியது. 1996இல் நடப்புக்கு வந்த திருத்தத்தால் கோர்ட் நீக்கப்பட்டது. கவுன்சிலுக்குப் பதிலாகச் சிறிய இயக்குநர் வாரியம் வந்தது. செனட்டில் இடம்பெறும் பேராசிரியர்களின் எண்ணிக்கையும் வெகுவாகக் குறைக்கப்பட்டது. விரைந்து முடிவெடுக்க இது உதவும் என்பர் சிலர். மக்கள் பேராளர்கள் அமர்ந்த கோர்ட் போனதும், பேராசிரியர்களின் குரல்கள் குறைந்ததும் இழப்பே என்பது என் எண்ணம்.

மறுபுறம், 1922இல் தஞ்சோங் மாலிமில் தொடங்கிய சுல்தான் இட்ரிஸ் பயிற்சிக் கல்லூரி 1997இல் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. ஆசிரியர் பயிற்சிக் கழகத்தில் பயின்ற என் போன்றோர்க்கு அதன் பொருள் நன்றாக விளங்கும். பயிற்சிக் கல்லூரி மேலிடம் வகுத்ததை நடத்தும். பல்கலைக்கழகம் தன் செனட்டின் வழி தானே வகுக்கும்.

2007இல் மலேசியத் தகுதி முகவாண்மை அமைக்கப்பட்ட பின்னர், பாடத்திட்டங்களின் தரத்தை வெளியிலிருந்து சரிபார்க்கும் முறை வலுப்பெற்றது. 2010இல் மலாயாப் பல்கலைக்கழகம் தன் பாடத்திட்டங்களுக்குத் தானே தரச்சான்று அளிக்கும் தகுதியைப் பெற்றது. ஆக, செனட்டின் பொறுப்பு மீண்டும் கூடியுள்ளது.

நாம் செய்யக்கூடியவை

தமிழ்ப் பட்டப்படிப்புக்குக் குறை வரும்போது நாம் வழக்கமாக ஓர் அறிக்கை விடுவோம், அமைச்சரைச் சந்திப்போம். அது வேண்டாம் என்று கூறவில்லை. ஆனால் எந்தக் கதவைத் தட்டுகிறோம் என்று அறிந்து தட்ட வேண்டும். பணமும் பணியிடமும் பற்றியதாயின் அது வாரியத்தின் கதவு. பாடமும் சேர்க்கைத் தகுதியும் பற்றியதாயின் அது துறை, புலம், செனட் என்று படிப்படியாகச் செல்லும் வழி. அங்கே உணர்ச்சியுரை மட்டும் போதாது. எத்தனை மாணவர்கள் சேர விரும்புகிறார்கள், எவ்வளவு நூல்கள் உள்ளன, படித்தவர்க்கு என்ன பணி காத்திருக்கிறது என்ற விவரங்களே அங்கே எடுபடும்.

அந்த விவரங்களுள் முதலாவது நம் கையில்தான் இருக்கிறது. ஆறாம் ஆண்டோடு தமிழை விட்டுவிடும் பிள்ளை இடைநிலைப்பள்ளியில் தமிழ் எடுக்காது, எஸ்.பி.எம். தேர்வில் எழுதாது, பல்கலைக்கழகத் தமிழ் வகுப்பில் ஒரு நாற்காலி காலியாகும். காலி நாற்காலிகளைக் கொண்ட துறைக்காக எந்தச் செனட்டிலும் எவராலும் வாதாட முடியாது. 1956இல் நம் பெற்றோரும் பாட்டன் பாட்டியரும் காசு கொடுத்து நூல் வாங்கி வைத்தார்கள். அந்நூல்களைத் திறக்கும் பிள்ளைகளை அனுப்புவது நம் பங்கு.

அன்புடன், ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியர்.