வள்ளி ஒயில் கும்மியும் உடல்நலமும்

வள்ளி ஒயில் கும்மி கொங்கு நாட்டின் கோயில் திருவிழாக்களில் ஆடப்படும் குழு ஆட்டம். முருகன் வள்ளியை மணந்த கதையை ஆசிரியர் பாட, ஆடுவோர் தாளத்துக்கு அடி வைத்துக் கைகொட்டி ஆடுவர். நெடுங்காலம் ஆண்களின் ஆட்டமாக இருந்த இதைப் பெண்களுக்கும் கற்றுக்கொடுத்தவர்களில் கோவை மாவட்டத்தைச் சேர்ந்த பத்ரப்பன் முக்கியமானவர். 2024இல், 87ஆம் வயதில் அவருக்குப் பத்மஸ்ரீ அறிவிக்கப்பட்டது. உடல்நல நோக்கில், பெண்களும் ஆட வந்த இந்த மாற்றம் மிகப் பெரியது. நடைப்பயிற்சிக்கென்று வீட்டைவிட்டுக் கிளம்பத் தயங்கும் பெண்களும் கும்மிப் பயிற்சிக்குத் தயங்காமல் வருகிறார்கள்.

ஆட்டத்தில் முன்னே இரண்டடி, பின்னே ஓரடி, பக்கவாட்டில் ஒரு திருப்பம், குனிந்து ஒரு கொட்டு, நிமிர்ந்து ஒரு கொட்டு என்று உடல் ஓயாமல் திசை மாறுகிறது. இடுப்புப் பக்கத் தசைகளுக்கும் இதில் வேலை உண்டு. முதுமையில் தடுக்கி விழாமல் காப்பவற்றுள் இந்தத் தசைகளும் சேரும். ஆட்டம் நிதானமாகத் தொடங்கிப் போகப்போக வேகம் பிடிப்பதால் உடலும் படிப்படியாகச் சூடேறுகிறது. பெரியவர்களுக்கு வாரம் 150 முதல் 300 நிமிடம் வரை மிதமான உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மாலைப் பயிற்சியை விடாமல் செய்பவர்கள் அந்த அளவைச் சிரமமின்றி எட்டலாம்.

பாட்டு, தாளம், அடுத்தவரின் அடி ஆகிய மூன்றையும் ஒரே நேரத்தில் கவனிக்க வேண்டியிருப்பதால் மூளைக்கும் வேலை கிடைக்கிறது. 2003இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று 75 வயதைக் கடந்த 469 பேரைத் தொடர்ந்து கவனித்தது. அதில் பார்க்கப்பட்ட உடலுழைப்புகளில் நடனம் மட்டுமே மறதிநோய் குறைவதோடு தொடர்பு காட்டியது. நலமாக இருப்பவர்களே ஆடவும் வருவார்கள் என்பதால் இதை மருந்துச் சீட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

கூட்டமாக ஆடுவதற்கெனத் தனிப் பலனும் இருக்கிறது. பிரேசில் மாணவர்களிடம் நடத்தப்பட்டு 2015இல் வெளியான ஆய்வில், ஒரே அசைவை ஒன்றாக ஆடியவர்களின் வலி தாங்கும் திறனும் குழுவோடு அவர்களுக்கிருந்த நெருக்கமும் கூடின. கும்மியும் அப்படி ஒரே அடியை எல்லோரும் சேர்ந்து வைக்கும் ஆட்டம்தான். பேத்தியும் பாட்டியும் ஒரே வரிசையில் நிற்கலாம்.

முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் ஆழமாகக் குனிவதைத் தவிர்த்துக் கைகொட்டோடு நிறுத்திக்கொள்வது நல்லது. இதயநோய் உள்ளவர்கள் வேகமான பகுதிகளில் ஆடலாமா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். வெறுங்காலோடு ஆடுவதற்குத் தார்ச்சாலையைவிட மண்தரையே ஏற்றது.